சுடலைமணி ஃப்ரீசர் அன்புச் சொந்தங்கள்

தம்பி, அந்தப் போன் சத்தத்தைக் கொஞ்சம் நிப்பாட்டுங்களேன். கோவில்பட்டியில ஏறினதுல இருந்து டிங்கு டிங்குன்னு அடிச்சிக்கிட்டே இருக்கு. தப்பா எடுத்துக்கிடாதீங்க. அந்தச் சத்தமே எனக்கு ஆகாது.

வாட்சப் குரூப்பா? யாவாரமா? சேலையா! நல்ல தொழில். எத்தனை பேரு இருக்காங்க உங்க குரூப்புல? எழுநூறா? நடத்துங்க, நடத்துங்க. நானும் ஒரு குரூப் வச்சிருந்தவன்தான்.

என்ன தொழிலா? ஃப்ரீசர் பாக்ஸ். வீட்டுல யாரும் தவறிட்டா, சொந்தபந்தம் வந்து சேருற வரைக்கும் வைக்கிறதுக்குக் கண்ணாடிப் பெட்டி வருமே, அது. பாத்தீங்களா, நகந்து உக்காருறீங்க. உக்காருங்க, எனக்குப் பழகிப்போச்சு. குளிச்சு முழுகிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கேன். மதுரைக்கு, ஒரு பெட்டிக்குக் கம்ப்ரசர் வாங்கப் போறேன்.

பதினோரு வருசமா இந்தத் தொழில். மனுசங்களை நான் பாத்த மாதிரி நீங்க பாத்திருக்க மாட்டீங்க. வீட்டுல ஒண்ணு நடந்துட்டா, 'அண்ணாச்சி, நீங்கதான் அண்ணாச்சி, நீங்க இல்லாட்டா நாங்க என்ன செய்வோம்'னு கையைப் புடிச்சிக்கிட்டு அழுவாங்க. பத்து நாள் கழிச்சு ரோட்டுல எதிர்ல வந்தா, அந்தப் பக்கம் திரும்பி செவத்துல ஒட்டியிருக்கிற போஸ்டரைப் படிப்பாங்க. டீக்கடையில எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. கல்யாணத்துக்கு ஒருத்தன் பத்திரிகை வைக்க மாட்டான். நன்றி கெட்ட சென்மங்க. இல்லியா பின்ன?

ரெண்டு வருசத்துக்கு முன்ன பைபாஸ்ல கனகராஜ்னு ஒருத்தன் புதுசா பெட்டி வாங்கிப் போட்டான். உள்ள நீல லைட்டு எரியும். பொணத்துக்கு எதுக்குடா லைட்டு? ஆனா சனங்க அங்கதான் போனாங்க. அந்தச் சமயத்துல யாவாரிகள் சங்கத்துல ஒரு கூட்டம் போட்டாங்க. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு ஆளு வந்து பேசினாரு. கோட்டு போட்டிருந்தாரு, வேர்த்து ஊத்துது, கழட்டலை. 'வாடிக்கையாளரை ஒரு தடவையோட விட்டுறாதீங்க. வாட்சப் குரூப் ஆரம்பிங்க. தினமும் அவங்க கண்ணுல படுங்க. அவங்க குடும்பத்துல ஒருத்தரா ஆயிருங்க. அடுத்த தடவை தேவைப்படும்போது உங்க ஞாபகம்தான் வரணும்'னாரு. பக்கத்துல பாத்திரக்கடைக்காரரு தலையை ஆட்டுறாரு, பேக்கரிக்காரரு நோட்டுல எழுதிக்கிடுறாரு. எனக்கும் சரின்னு பட்டுச்சு. எந்தத் தொழிலா இருந்தா என்ன தம்பி, வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தான?

எம் பெஞ்சாதி பேச்சியம்மா மட்டும் வேண்டாம்னா. 'பாவங்க, அந்த ஆளுகளுக்கு உங்க பேரைப் பாத்தாலே பகீர்ங்கும்'னா. அவளுக்கு யாவாரம் தெரியாது. நான் ரசீதுப் புத்தகத்தை எல்லாம் எடுத்து வச்சு, அதுல இருந்த நம்பரை ஒண்ணு விடாமச் சேர்த்தேன். எரநூத்திப் பத்துப் பேரு. 'சுடலைமணி ஃப்ரீசர் அன்புச் சொந்தங்கள்'னு பேரு வச்சேன். பேரு நல்லாத்தான இருக்கு? முதல் நாள் காலையில போட்டேன்: 'காலை வணக்கம் சொந்தங்களே. தங்கள் இல்லத்தில் சேவை செய்ய மீண்டும் மீண்டும் வாய்ப்பளிக்க வேண்டுகிறோம்.' கீழ ஒரு ரோசாப் பூ. கல்யாணச் சமையல்காரர் ஒருத்தர் தன்னோட கார்டுல போட்டிருந்த வாசகம். நல்லா இருந்துச்சேன்னு எடுத்துக்கிட்டேன்.

ஏன் சிரிக்கிறீங்க? அதுல என்ன தப்பு இருக்கு?

அரை மணி நேரத்துல எழுபது பேரு வெளியேறிட்டாங்க. ஒருத்தர் போனைப் போட்டு எங்க ஆத்தாளை இழுத்து ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க. யாரு? அவரு அப்பாவுக்கு, பேரன் துபாயில இருந்து வர்ற வரைக்கும் மூணு நாள் பெட்டி ஓட்டிக் குடுத்தவன் நானு. சித்திரை வெயில். ஒரு துளி வாடை வெளிய வரலை. இந்த மனுசன் வாயைத் திறந்ததும் வந்துச்சு அந்த வாடை. ச்சை.

சரி, போனவன் போகட்டும்னு மிச்சம் இருந்தவங்களுக்கு நான் சேவையைத் தொடர்ந்தேன். காலையில வணக்கம், கரண்ட் கட் எந்த ஏரியா, பென்சன் ஆபீஸ் லீவு என்னைக்கு, எல்லாம் போடுவேன். அப்புறம் ஒரு யோசனை வந்துச்சு. ஒவ்வொரு வேலை முடியும்போதும் பெட்டியில இருக்கிறவரை நான் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிடுவேன், பெட்டி நல்லா வேலை செஞ்சதுக்கு ஒரு ஆதாரம். நினைவு நாள் வரும்போது அந்தப் போட்டோவை குரூப்புல போட்டேன். 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. அன்று குளிர்பெட்டி உதவி: சுடலைமணி ஃப்ரீசர்.' பெத்த பிள்ளைகளே தேதியை மறந்துருதுக. நான் ஞாபகம் வச்சு செய்றேன். இதை எவன் செய்வான் சொல்லுங்க?

ஒரு நாள் சண்முகத்தாய் டீச்சரோட வீட்டுக்காரர் போட்டோவைப் போட்டேன். டீச்சர் ரிட்டயர் ஆனவங்க, கடலையூர் ரோட்டுல தனியா இருக்காங்க. அவரு தீப்பெட்டி ஆபீஸ்ல மேனேஜரா இருந்து தவறினவரு. டீச்சர் எழுதினாங்க: 'அண்ணாச்சி, தயவுசெஞ்சு இந்தப் படத்தை எடுத்துருங்க. அவர் சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்கு. அன்னைக்கு நான் கவனிக்கலை. காலையில பாத்ததுல இருந்து எனக்கு வேற ஒண்ணும் ஓடலை.'

பட்டன் போட்டது நானில்ல, பாத்துக்கிடுங்க. அது சொந்தக்காரங்க வேலை. இருந்தாலும் சரின்னு அழிச்சேன். அதோட முடியணுமா இல்லியா? அய்யாத்துரைன்னு ஒருத்தர், கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்தவரு, அவரு சம்சாரத்துக்கும் நம்ம பெட்டிதான். அவரு கீழ எழுதுறாரு: 'டீச்சர், எங்க வீட்டுல கடைசியா ஒரு காப்பி கேட்டா. டாக்டர் சொன்னாருன்னு சீனி போடாமக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு வச்சிட்டா. ரெண்டு வருசமா நான் காப்பி குடிக்கலை.'

அவ்வளவுதான் தம்பி. குழாய் உடைஞ்ச மாதிரி ஆயிப்போச்சு. ஒருத்தி, மாமியாரை ஆஸ்பத்திரியில விட்டுட்டு குளிக்க வந்தேன், அதுக்குள்ள போயிட்டாங்கன்னு எழுதுறா. ஒருத்தன், அப்பாகிட்ட ஆறு வருசம் பேசலைன்னு எழுதுறான். குளியலறையில உக்காந்து அழுதேன்னு ஒரு ஆம்பிளை எழுதுறான், மீசை வச்ச ஆளு. இது தொழில் குரூப். பத்து மணிக்கு நான் 'ஏசி வேன் வசதியும் உண்டு'ன்னு போடுறேன், அதை ஒருத்தன் கூட ஏறெடுத்துப் பாக்கலை. அதுக்கு மேலயும் கீழயும் இவங்க மூக்கைச் சிந்தி வச்சிருக்காங்க.

'தேவையற்ற பதிவுகளைத் தவிர்க்கவும், நிர்வாகம்'னு போட்டேன். கேக்கலை. நிர்வாகம் மட்டும்தான் பேசலாம்னு அடைச்சு வச்சேன். நாலாவது நாள் டீச்சர் எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. நான் பெட்டி துடைச்சிக்கிட்டு இருந்தேன். 'அண்ணாச்சி, திறந்து விடுங்க. உங்க விளம்பரத்துக்கு நாங்க குறுக்க வரமாட்டோம், ஒரு ஓரமாப் பேசிக்கிடுறோம்'ங்கறாங்க. பேச்சி அவங்களை உள்ள கூட்டிட்டுப் போய்க் காப்பி போட்டுக் குடுத்தா. ரெண்டு மணி நேரம் பேச்சு. அப்பிடி என்னதான் பேசினாளோ. அவங்க போனதும், 'திறந்து விடுங்க, பாவம்'னா. பேச்சி எங்கிட்ட எதையும் கேட்டவ இல்ல. சரி, அந்த மாசம் குரூப் மூலமா ரெண்டு ஆர்டரும் வந்திருந்துச்சு. திறந்து விட்டேன்.

அதுதான் நான் செஞ்ச தப்பு.

ஆடி மாசம் குத்தாலத்துல நல்ல சீசன். ஒரு ஞாயித்துக்கிழமை குரூப்பைத் திறக்கிறேன், வரிசையா போட்டோ. என் குரூப்புல இருக்கிற இருபத்திரெண்டு பேரு சேர்ந்து வேன் பிடிச்சுக் குத்தாலம் போயிருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. அருவிக்கரையில நிக்காங்க, நனைஞ்ச துணியோட. மிளகா பஜ்ஜி திங்கறாங்க. பல்லு அத்தனையும் தெரிய சிரிக்கிறாங்க. மேல பாத்தா 'சுடலைமணி ஃப்ரீசர்'னு என் பேரு! ஊர்ல பாக்கிறவன் என்ன நினைப்பான்? ஒரு போட்டோவுல டீச்சர் தலையை விரிச்சுப் போட்டுத் துவட்டுறாங்க. பக்கத்துல அய்யாத்துரை குடை பிடிச்சிக்கிட்டு நிக்காரு. சாரலுக்குக் குடை! வீட்டுக்காரர் போய் ஒண்ணரை வருசம். இவங்களுக்குச் சிரிப்பு எங்க இருந்து தம்பி வருது? அருவருப்பா இருந்துச்சு. நான் தொட்டுத் தூக்கின உடம்பையெல்லாம் நினைச்சுப் பாத்தேன். அதுல எதுவும் எனக்கு அந்தளவுக்கு அருவருப்பா இருந்ததில்ல.

விடுவேனா? டீச்சர் வீட்டுக்காரர் போட்டோவைத் தேடி எடுத்தேன். குரூப்புலதான் அழிச்சேன், போன்ல இருந்துச்சு. அந்தச் சிரிப்புப் படத்துக்குக் கீழயே போட்டேன். 'இவரையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க டீச்சர்'னு எழுதினேன்.

நியாயத்தைத்தான எழுதினேன்?

டீச்சர் ஒரே வரி போட்டாங்க: 'நினைக்காத நாள் இல்ல அண்ணாச்சி.' போட்டுட்டு வெளியேறிட்டாங்க. அடுத்து அய்யாத்துரை. அப்புறம் மாமியாரை விட்டுட்டுக் குளிக்க வந்தவ. சாமி சத்தியமாச் சொல்றேன், நான் பாத்துக்கிட்டே இருக்கேன், வெளியேறினார், வெளியேறினார், வெளியேறினார்னு மழைத்தண்ணி சொட்டுற மாதிரி வந்துக்கிட்டே இருக்கு. சாயங்காலம் எண்ணிப் பாத்தா நான், மாலை கட்டுற ஆளு, அப்புறம் ஓசூர்ல எவனோ ஒருத்தன், தப்பா சேர்த்த நம்பர். மூணே பேரு. என் ரசீதுப் புத்தகத்துல இருந்து நான் ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்துச் சேர்த்த ஆளுகளை அப்பிடியே அள்ளிட்டுப் போய் வேற குரூப் ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்குப் பேரு கூடக் கிடையாதாம். வெறும் ஒரு புள்ளியாம். இதுக்குப் பேரு திருட்டு இல்லியா?

பேச்சிகிட்ட சொன்னேன். அவ பாட்டுக்குக் கீரை ஆய்ஞ்சிக்கிட்டு இருந்தா.

அவ போயிட்டா தம்பி. பங்குனியில. ஒரு மத்தியானம் துணி காயப்போட மாடிக்குப் போனவ படியிலயே உக்காந்துட்டா. நான் போய் எழுப்பினேன். தொட்டதும் தெரிஞ்சிருச்சு. எனக்குத் தெரியாதா?

உங்க அனுதாபம் எல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேற. அன்னைக்கு என் பெட்டி ரெண்டுல ஒண்ணு எட்டயபுரத்துல ஒரு வீட்டுல இருக்கு, இன்னொண்ணு கம்ப்ரசர் போய்க் கிடக்கு. நான் ஏற்பாடு பண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். முதல்ல ரசீது போடணும்ல. தொழில்னா முறைன்னு ஒண்ணு இருக்கு. புத்தகத்தை எடுத்து வச்சு, பேரு பேச்சியம்மாள், வயசு அம்பத்திமூணு, விலாசம், எல்லாம் எழுதிட்டேன். 'இறந்தவருக்கு என்ன உறவு'ன்னு ஒரு இடம் வரும். அங்க வந்ததும் பேனா எழுதலை. மை தீர்ந்துபோச்சு போல. உதறி உதறிப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியலை.

நிமிர்ந்து பாத்தா வாசல் நிறைய ஆளு. எல்லாம் என் குரூப்பு ஆளுக! டீச்சர், அய்யாத்துரை, அப்பாகிட்ட பேசாதவன், மீசைக்காரன், அம்பது அறுபது பேரு. யாரு சொன்னா இவங்களுக்கு? ஒருத்தன் பந்தல் போடுறான். ஒருத்தி என் மகளுக்குத் திருப்பூருக்குப் போன் போடுறா. டீச்சர் உள்ள போய் பேச்சியைக் குளிப்பாட்டிச் சேலை கட்டி விட்டாங்க. அய்யாத்துரை என் கையில இருந்த ரசீதுப் புத்தகத்தை மெதுவா வாங்கி அங்கிட்டு வச்சாரு. அதுவரைக்கும் கூடப் பொறுத்துக்கிட்டேன். அப்புறம் வாசல்ல ஒரு வேன் வந்து நின்னுச்சு. இறக்குறாங்க. என்னன்னு பாக்கிறேன். நீல லைட்டு!

கனகராஜ் பெட்டி தம்பி. ஊரறிய, பதினோரு வருசம் தொழில் பண்ணின சுடலைமணி பெஞ்சாதி எதிராளி பெட்டியில கிடக்கா. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? கூலிங்கும் சரியில்ல. நான் கையை வச்சுப் பாத்தேன். நாலஞ்சு தடவை பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன். 'அண்ணாச்சி, வாங்க, கொஞ்சம் உக்காருங்க'ன்னு டீச்சர் வந்து கையைப் புடிச்சாங்க. நான் உதறிட்டேன்.

காரியம் முடிஞ்சப்புறம்தான் விசயம் தெரியுது. பேச்சி அந்தப் புள்ளி குரூப்புல இருந்திருக்கா! எட்டு மாசமா! நான் திட்டித் தீர்த்துக்கிட்டு இருக்கேன், இவ கீரை ஆய்ஞ்சிக்கிட்டே அங்க பேசிக்கிட்டு இருந்திருக்கா. அவளுக்கு எழுத வராது. எல்லாம் வாய்ஸ்ல. பொண்டாட்டியே இப்பிடிச் செஞ்சா எவனை நம்புறது?

பதினாறாம் நாள் முடிஞ்சதும் டீச்சர் என்னை அந்தக் குரூப்புல சேர்த்தாங்க. 'அண்ணாச்சி, பேச்சியக்கா பேசினது எங்ககிட்ட நூத்துக்கு மேல இருக்கு. தினம் ஒண்ணு போடுறோம், கேளுங்க'ன்னு எழுதி, ஒண்ணு போட்டாங்க. பேச்சி குரல்தான். 'டீச்சரு, கருவாட்டை வெந்நியில ரெண்டு தடவை அலசிப் போடுங்க. இங்க இந்த மனுசனுக்குக் கருவாடே ஆகாது, அதான் அவரு வெளியூருக்குப் பெட்டி கொண்டுபோன நாளாப் பாத்து ஆக்கிச் சாப்பிட்டுட்டேன்'னுட்டு சிரிக்கிறா. அப்பிடி ஒரு சிரிப்பு. வீட்டுல நான் கேட்டதே இல்ல. எனக்குக் கருவாடு ஆகாதுன்னு யாரு சொன்னா? கல்யாணமான புதுசுல ஒரு தடவை வாடை அடிக்குன்னு சொல்லியிருப்பேன். அதுக்கு முப்பத்திநாலு வருசமா ஆக்காம இருந்துக்கிட்டு, ஊர்ல போய் அதைச் சொல்லுவாளா ஒருத்தி? வெளியேறிட்டேன். ஒரு தடவைதான் கேட்டேன். சரி, நாலு தடவை. பஸ் ஸ்டாண்டு இரைச்சல்ல சரியாக் கேக்கலை.

ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் சேர்த்தாங்க. இன்னொண்ணு போட்டாங்க. 'படி ஏறினா நெஞ்சுல ஒரு மாதிரி பிடிக்குது டீச்சரு. வீட்டுல சொல்லலை. அவருக்கு ஆர்டர் நேரம், சொன்னா எரிச்சல்படுவாரு. ஒரு நாள் உங்க கூடவே ஆஸ்பத்திரிக்கு வாரேன்.'

கேட்டீங்களா? நான் எரிச்சல்படுவேனாம்.

நான் எரிச்சல்படுற ஆளா தம்பி? நீங்களே இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு வாரீங்க. சொல்லுங்க.

டீச்சர் கூட ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. மாத்திரை வாங்கி அரிசிப் பானையில வச்சிருந்திருக்கா. அம்பது பேருக்குத் தெரிஞ்சிருக்கு, கட்டினவனுக்குத் தெரியலை. அந்த அம்பது பேரும் குரூப்புல இருந்துக்கிட்டு என்னைப் பாக்கிறாங்க. வெளியேறிட்டேன்.

மூணாவது தடவை சேர்த்தாங்க. இந்தத் தடவை பேச்சி பேசினதை ஒண்ணும் போடலை. அய்யாத்துரை மட்டும், 'சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?'ன்னு கேட்டிருந்தாரு. மறுநாளும் 'சாப்பிட்டாச்சா?' அதுக்கு மறுநாளும். நான் சாப்பிட்டா இவருக்கென்ன, சாப்பிடாட்டி இவருக்கென்ன? வெளியேறிட்டேன்.

அப்புறம் டீச்சர் தனியா ஒரு மெசேஜ் போட்டாங்க. 'அண்ணாச்சி, உங்களுக்குப் பிடிக்கலைன்னு தெரியுது. நாங்கதான் புரிஞ்சுக்கிடலை. இனிமே தொந்தரவு பண்ணமாட்டோம். மன்னிச்சுக்கோங்க.'

பதினெட்டு நாளாச்சு தம்பி. சேர்க்கலை. போன்தான் கெட்டுப்போச்சோன்னு கடையில குடுத்துப் பாத்தேன். நல்லாத்தான் இருக்குங்கறான். மூணே மூணு தடவை வெளியேறினேன், உடனே பிடிக்கலைன்னு முடிவு பண்ணிருவாங்களா? பிடிக்கலைன்னு நான் எப்பச் சொன்னேன்? இன்னொரு தடவை சேர்த்துப் பாத்தா கையா தேஞ்சுபோகும்? என்ன மனுசங்க இவங்க? பேச்சி போனை மக திருப்பூருக்குக் கொண்டுபோயிட்டா, அதுல எல்லாத்தையும் அழிச்சிட்டு பேரனுக்குக் குடுத்துட்டாளாம். நூத்துக்கு மேல இருக்குன்னாங்களே. நான் கேட்டது ரெண்டு. மிச்சம் அத்தனையும் அவங்ககிட்ட கிடக்கு. அவ என்னைப் பத்தி இன்னும் என்னென்ன சொல்லி வச்சிருக்காளோ, அதை நான் தெரிஞ்சுக்கிட வேண்டாமா?

சாத்தூர் வந்துருச்சா? நீங்க விருதுநகர்லதான இறங்கணும்? நேரம் இருக்கு.

தம்பி, உங்களுக்கு இந்தக் குரூப் விவகாரமெல்லாம் அத்துப்படியா இருக்கும். ஒரு விசயம் கேக்கிறேன். வெளியேறின ஆளு, நாமளா கேட்ட மாதிரி தெரியாம, அவங்களாச் சேர்த்த மாதிரியே திரும்ப உள்ள போறதுக்கு ஏதாவது வழி இருக்கா?

இல்லியா?

கேட்டாத்தான் உண்டா? நானா? டீச்சர்கிட்டயா? ச்சை. எவ்வளவு கேவலம்.

இருங்க, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிடுறேன். டீச்சருக்கு என்னன்னு எழுதணும்?